பிள்ளைகளிடம் சம்மதம் கேட்டு நடத்திய ஆய்வு: ஒரு நர்சிங் ஆசிரியையின் அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் மகப்பேறும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பும் நடத்துகிறேன். நாம் சொல்லிக்கொடுக்கிற கைவேலை பிள்ளைகளிடம் எவ்வளவு காலம் தங்குகிறது என்று பார்க்க ஓர் ஆய்வு செய்தேன். ஆய்வில் சேருகிறவர்களுக்குப் பாதிப்பு வராமல் பார்த்துக்கொள்ளும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதியில் தொடங்கி, கட்டுரையாக வெளிவருவது வரை அந்த வேலை என்னை நீண்ட நாள் பிடித்து வைத்திருந்தது. மருத்துவக் கல்வியில் ஆய்வு என்றாலே பெரிய கல்லூரிகளும் டாக்டர்களும்தான் செய்வார்கள் என்று எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேள்வி லேபர் ரூமில் பிறந்தது. பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 குழந்தைகளுக்கு மூச்சைத் தொடங்க ஏதாவது உதவி தேவைப்படும் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். பெரும்பாலும் ஈரத்தைத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே குழந்தை அழுதுவிடும். அதற்கும் மூச்சு வராவிட்டால், பிறந்த ஒரு நிமிடத்துக்குள் முகத்தில் மாஸ்க் வைத்து, பையை அமுக்கிக் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும். ‘கோல்டன் மினிட்’ என்று சொல்வது அதைத்தான். இதற்காகவே மத்திய அரசு 2009-ல் நவஜாத் சிசு சுரக்‌ஷா காரியக்ரம் என்ற பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. எங்கள் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள், பரீட்சையில் செய்து காட்டுகிறார்கள், நல்ல மார்க்கும் வாங்குகிறார்கள். சில மாதம் கழித்து அதே பிள்ளையிடம் மாஸ்க்கைக் கொடுத்தால் கை தடுமாறுகிறது.

எங்கள் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் கிடையாது. நெய்யூரில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கியது 1838-ல். அரசு மருத்துவக் கல்லூரி ஆசாரிப்பள்ளத்துக்கு வந்தது 2001-ல். இடைப்பட்ட காலம் முழுக்க, மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை பழகிய நர்சுகளும் கம்பவுண்டர்களும்தான் பல ஊர்களைத் தாங்கினார்கள். இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் திருவனந்தபுரம், சென்னை, அப்புறம் வளைகுடா என்று போய்விடுகிறார்கள். பரீட்சை நாளில் செய்து காட்டியதா முக்கியம்? ஆறு மாதம் கழித்து, எங்கோ ஒரு லேபர் ரூமில், நள்ளிரவில் அந்தக் கை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம்.

ஒரே நாளில் நெடுநேரம் பழக்குவது நல்லதா, கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாளாகப் பிரித்துப் பழக்குவது நல்லதா? இது பழைய கேள்வி. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து, மறதி எந்த வேகத்தில் நடக்கிறது என்று 1885-லேயே எழுதியிருக்கிறார். 2006-ல் டொராண்டோவில் அறுவைச் சிகிச்சை பயிலும் இளம் டாக்டர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நுண்ணிய ரத்தக்குழாயைத் தைக்க, ஒரு பாதிப்பேருக்கு ஒரே நாளில் பயிற்சி. மற்றவர்களுக்கு அதே பயிற்சி வாரம் ஒன்றாக நான்கு வாரம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, பிரித்துப் படித்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு வழி தெரிந்தது. எங்கள் டைம்டேபிளில் பச்சிளங்குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பயிற்சி ஒரே மதியத்தில் முடிகிறது. அதையே வாரத்துக்குப் பதினைந்து நிமிடமாகப் பிரித்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

புள்ளியியல் பார்த்துத் தந்தவர் முதலில் ஒரு கேள்வி கேட்டார்: “எவ்வளவு வித்தியாசம் வந்தா நீங்க டைம்டேபிளை மாத்துவீங்க?” எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற கணக்கு அந்தப் பதிலில் இருந்துதான் கிளம்புகிறது. சின்ன வித்தியாசத்தைக்கூடப் பிடிக்க வேண்டும் என்றால் நிறையப் பேர் வேண்டும். சும்மா ‘முப்பது பேர் போதும்’ என்று எழுதிவிட்டுப் போகிற ப்ரொபோசல்களை நிறையப் பார்க்கிறோம். அது கூடாது. இந்தக் கேள்விக்கு மனமறிந்து பதில் சொன்ன பிறகுதான் மற்ற வேலை.

அப்புறம் எத்திக்ஸ் கமிட்டி. இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகளில், கற்பிக்கும் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு கமிட்டியின் பரிசீலனையில் இருந்து விலக்குப் பெறக்கூடிய வகையில் வருகிறது. ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது கமிட்டி. ஆய்வு செய்பவரே முடிவெடுத்துக்கொள்ள முடியாது. இன்னொரு பக்கம், அதே நெறிமுறைகளில் மாணவர்கள் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களின் பட்டியலில் இருக்கிறார்கள். ஆய்வு செய்கிறவர் கையிலேயே அவர்களுடைய மார்க்கும் இருக்கிறதே! என் ப்ரொபோசலில் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிப்பதும், அவர்களை மதிப்பிடுவதும் இருந்ததால், உறுப்பினர் செயலர் அதை முழுக் கமிட்டிக்கே அனுப்பினார்.

கமிட்டி என்றால் டாக்டர்கள் மட்டும் இல்லை. தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வருகிறவராக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவர், பொதுமக்கள் சார்பில் ஒருவர் என்று பலரும் இருப்பார்கள். பொதுமக்கள் சார்பில் வந்தவர் ஓய்வு பெற்ற பள்ளித் தலைமை ஆசிரியை. புள்ளிவிவரம், செக்லிஸ்ட் பற்றி மற்றவர்கள் கேட்டு முடித்த பிறகு அவர் கேட்டார்: “இந்தப் பிள்ளைக வேண்டாம்னு சொல்ல நினைச்சா, உங்க மூஞ்சிய பாத்து சொல்ல முடியுமாம்மா?”

அந்த ஒரு கேள்வியில்தான் ஆய்வின் முழு ஏற்பாடும் உருவானது. நான் எழுதிய சம்மதப் படிவத்தில் ‘விருப்பம் இல்லாவிட்டால் விலகலாம்’ என்ற வரி இருந்தது. எல்லாப் படிவத்திலும் இருக்கிற வரிதான். இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியை முன்னால் நின்றுகொண்டு அந்த வரியைப் பயன்படுத்த எத்தனை பிள்ளைக்குத் தைரியம் வரும்? கமிட்டியோடு பேசிப் பேசி, கடைசியில் இப்படி வைத்தோம்.

ஆய்வை விளக்கியதும் சம்மதம் வாங்கியதும் வேறு துறை ஆசிரியை. அந்த வகுப்புக்கு அவர் பாடம் எடுப்பதில்லை, மார்க்கும் போடுவதில்லை. அவர் பேசும்போது நான் அந்தக் கட்டிடத்திலேயே இருக்கக் கூடாது. விளக்கத் தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்தோம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோரிடம் காட்டி, யோசித்து, மூடிய உறையில் போட்டுத் தரலாம். சேர்ந்தவர்களுக்கு எந்தக் குழு என்று தீர்மானிக்கும், வரிசை எண் போட்டு ஒட்டிய உறைகளும் அவரிடமே இருந்தன. சேராதவர்கள், வழக்கம்போல் ஒரே மதியத்தில் பயிற்சி பெறும் குழுவோடு கலந்து உட்காருவார்கள். ஆகவே அந்த அறையில் யார் சம்மதித்தவர், யார் சம்மதிக்காதவர் என்று எனக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து வரும் மதிப்பீடு வகுப்பு முழுவதற்கும் உண்டு. சம்மதிக்காதவர்களின் தாள் மட்டும் ஆய்வுக்கு வராது. பெயருக்குப் பதில் எண். இன்டர்னல் மார்க் ஏறி முடியும் வரை எந்தத் தாளும் என் கைக்கு வராது. முடிந்த பிறகு, எந்த முறை நன்றாக இருந்தாலும் அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

சுற்றுவேலைதான். ஆனால் இவ்வளவும் இல்லாமல் வாங்குகிற கையெழுத்தை சம்மதம் என்று என்னால் இப்போது சொல்ல முடியாது.

சில பிள்ளைகள் சேரவில்லை. எத்தனை பேர் என்று மட்டும் தெரியும். ஒரு நாள் வார்டில் மருந்து டிராலி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது பேச்சிப்பாறைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி தானாகவே சொன்னாள்: “மேம், நான் சேரல்ல. சாயங்காலம் லேட்டானா எனக்கு பஸ் கெடைக்காது.” “சரி மக்ளே” என்றேன். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. பயமில்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே முகத்தோடு என்னிடம் வந்து பேசுகிறாளே! நாளைக்கு ஒரு நோயாளி ஊசி வேண்டாம் என்றால், அந்தப் பிள்ளை கேட்டுக்கொள்ளும் விதமே வேறாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அனுமதிக் கடிதம் வந்ததும் சிடிஆர்ஐ (CTRI) என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு. குலுக்கலில் பிரித்துச் செய்யும் ஆய்வுக்குப் பதிவு எண் இருக்கிறதா என்று பத்திரிகைகள் கேட்கும். காசு கிடையாது. ஆனால் 2018 ஏப்ரல் முதல், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும், பின்னால் போய்ப் பதிய முடியாது. கமிட்டி கடிதத்தை இணைத்து அனுப்ப வேண்டும். அவர்கள் கேட்கும் விளக்கங்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருக்கும்போதே செமஸ்டர் ஓடிவிடும். அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.

பயிற்சிக்கு நியோநேட்டலி என்ற பச்சிளங்குழந்தைப் பொம்மை. அதற்குள் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு லிட்டர் ஊற்றினால், எடையும் தொடும்போது வரும் சூடும் பிறந்த குழந்தை மாதிரியே இருக்கும். தூக்கியதும் தலை சாயும். முதன்முதலில் கையில் வாங்குகிற பிள்ளைகள் எல்லோரும் தன்னையறியாமல் கழுத்தைத் தாங்குவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கைச் சுற்றி வளைய வேண்டும், மற்ற மூன்று விரலும் தாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மாஸ்க் சரியாக ஒட்டாவிட்டால் ஓரத்தில் ‘உஸ்’ என்று காற்று போகும். ஒட்டினால் நெஞ்சு மெதுவாக உயரும்.

மதிப்பிட்டவர்கள் வெளியில் இருந்து வந்த இரண்டு லேபர் ரூம் சிஸ்டர்கள். எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று அவர்களுக்குத் தெரியாது. 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு முறைப்படி, ஒரே சூழ்நிலை, ஒரே செக்லிஸ்ட், ஒரே நேரம். அதற்கு முன்பு இரண்டு பேரும் ஒரே பிள்ளையைப் பார்த்துத் தனித்தனியாக மார்க் போட்டுப் பழகினார்கள். மாஸ்க் அளவு, தலை வைக்கும் விதம் எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள். ‘நெஞ்சு உயர்ந்தது’ என்ற வரியில் மட்டும் வேறுபாடு. ஒருவர் ஒரு மூச்சுக்கு உயர்ந்தாலே சரி போட்டார், மற்றவர் தொடர்ந்து உயர வேண்டும் என்றார். பொம்மையைச் சுற்றி நின்று பேசி, எதற்குச் சரி போடுவது என்று எழுதி வைத்த பிறகுதான் இருவர் மார்க்கும் நெருங்கியது. இருவர் மதிப்பீடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க கோஹன் 1960-ல் கொடுத்த கப்பா கணக்கு இருக்கிறது. ஆனால் கணக்கு சரியாக வருவதற்கு அந்தப் பேச்சுதான் காரணம்.

மூன்றாம் மாத மதிப்பீடு வடகிழக்குப் பருவமழையில் வந்து விழுந்தது. தாழக்குடிப் பக்கம் ரோட்டில் தண்ணீர், கலெக்டர் விடுமுறை விட்டுவிட்டார். குறித்த வாரத்தைத் தாண்டிப் போனதை மறைக்காமல் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தோம், கட்டுரையிலும் எழுதினோம். எங்கள் ஊரில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஆய்வுக்குத் தேதி போடும்போது அதைப் பார்த்துப் போட வேண்டும்.

முடிவைப் பற்றி: ஒரே கல்லூரியில், ஒரே ஒரு வகுப்பில் நடத்தியது என்பதால் பெரிதாகச் சொல்ல மாட்டேன். இரண்டு குழுவும் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசையை மறக்கவில்லை. வாயால் கேட்டால் கடகடவென்று சொன்னார்கள். மறந்தது கைதான். ஒரே மதியத்தில் பழகிய பிள்ளைகளிடம் மாஸ்க் ஒட்டாமல் காற்று கசிவது கூடுதலாக இருந்தது. வாய்மொழித் தேர்வில் இந்தக் குறை தெரியவே தெரியாது. மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-ல் நான்கு படிகளாக எழுதியது இதுதான்: தெரிந்திருப்பது ஒன்று, எப்படிச் செய்வது என்று அறிந்திருப்பது ஒன்று, செய்து காட்டுவது ஒன்று, வேலையிடத்தில் செய்வது ஒன்று. நான் எட்டியது மூன்றாம் படி வரைதான்.

கட்டுரையை முதலில் அனுப்பிய பத்திரிகை திருப்பி அனுப்பியது, இதில் புதிது என்ன என்று கேட்டு. நியாயமான கேள்வி. எது மறந்தது, எது மறக்கவில்லை என்பதை முன்னால் கொண்டுவந்து மாற்றி எழுதி, வேறு இடத்துக்கு அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். இடையில் ‘ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள்’ என்று மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருந்தன. உழைத்துச் சேர்த்த தரவை அங்கே கொடுத்துவிடாதீர்கள். சரியாகப் படித்துப் பார்க்கிறவர்கள் நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

கட்டுரை வருவதற்கு முன்பே முடிவை அந்த வகுப்புக்குச் சொல்லிவிட்டேன். அது அவர்களுக்குச் சேர வேண்டியது. டைம்டேபிளில் இப்போது செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம் பேக் அண்ட் மாஸ்க்குக்கு ஒதுக்கியிருக்கிறோம். பஸ் பிரச்சினை யாருக்கும் இல்லை.

தொடங்க நினைப்பவர்கள் தலைப்பு முடிவானதும் உங்கள் கமிட்டியின் உறுப்பினர் செயலரிடம் போய், அடுத்த கூட்டம் எப்போது, எத்தனை நகல் வேண்டும், தமிழ்ப் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சம்மதம் வாங்கித் தர உங்கள் வகுப்புக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆசிரியரையும் அன்றைக்கே பேசி வைத்துவிடுங்கள். எனக்கு அதுதான் கிடைப்பதற்கு அரிதாக இருந்தது.