பல்ப் வழுக்கினால்

"இதயத்துக்குள்ள பூராவும் ரத்தந்தானே தம்பி இருக்கு? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு குழாய்?"

விடிகாலை நாலு மணிக்குக் கேத் லேப், அதாவது இதயக் குழாய் அடைப்பைப் படமெடுத்துத் திறக்கிற அறை, அதன் வாசலில் ஓர் அம்மா கேட்டார். உள்ளே மேசையில் மாரடைப்போடு அவருடைய கணவர். பன்னிரண்டு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன், இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. "வந்து சொல்றேம்மா" என்று எக்ஸ்ரேயைத் தடுக்கிற லெட் ஏப்ரனை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

சரியான கேள்விதான். ஆனால் இதய அறைகளில் இருப்பது உடம்பு என்கிற ஊருக்குப் போகிற ரத்தம். இதயத்தின் சுவர் கனத்த தசை, இடது கீழறையில் சுமார் ஒரு சென்டிமீட்டர். உள்பக்கத்தை ஒட்டிய மெல்லிய ஏட்டைத் தவிர மற்ற தசைக்கு அந்த ரத்தம் ஊறிப் போய்ச் சேராது. அதனால்தான் உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி புறப்படும் இடத்திலேயே, வால்வுக்குச் சற்று மேலே, வலதும் இடதுமாக இரண்டு குழாய்கள் பிரிந்து, இதயத்தின் வெளிப்பரப்பில் படர்ந்து, அங்கிருந்து தசைக்குள் இறங்குகின்றன. தடிமன் மூன்று, நான்கு மில்லிமீட்டர். ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா அளவுகூட இல்லை.

என்னை இன்றும் அசர வைப்பது வேறு ஒன்று. இதயம் சுருங்கும்போது அதன் தசையே தன் குழாய்களை நெரித்துவிடுகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் தளர்கிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் இடது பக்கத் தசைக்குப் பெரும்பகுதி ரத்தம் கிடைக்கிறது. கிடைத்த ரத்தத்திலும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 70 சதவீதத்தைச் சும்மா இருக்கும்போதே எடுத்துக்கொள்கிறது. கைவசம் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குழாய் அடைத்தால் உடனே பட்டினிதான்.

அந்த அம்மாவின் கணவருக்கு அடைத்திருந்தது வலது குழாய். பெரும்பாலானவர்களுக்கு இதயத்தின் அடிச்சுவருக்கு ரத்தம் தருவது அதுதான். அந்தச் சுவர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் வலி மேல்வயிற்றில் வரும், குமட்டும், வாந்தி வரும். வீட்டில் அதற்குப் பெயர் வாயு.

வீட்டை மட்டும் சொல்லிப் பயனில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறிய மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயசு லாரி ஓட்டுநர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். நெஞ்சில் வைக்கிற ரப்பர் பல்ப் நிற்கவே இல்லை, அவ்வளவு வியர்வை. பஞ்சால் துடைத்துத் துடைத்து மூன்று தடவை ஒட்டினேன். ஈ.சி.ஜி. பேப்பர் சுத்தமாக இருந்தது, கோளாறு எதுவும் தெரியவில்லை. கேஸுக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்தில் திரும்பத் தூக்கி வந்தார்கள், உயிர் இல்லை. மாரடைப்பின் அடையாளமாக இருக்கக்கூடிய அந்த வியர்வையை நான் வேலைக்கு இடைஞ்சலாகத்தான் பார்த்தேன். மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்தும் மாரடைப்பு இருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் பல்ப் வழுக்கினால் முதலில் அதைத்தான் சொல்கிறேன். பதினைந்து நிமிடத்தில் இன்னொன்று எடுத்துவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும்.

அந்த அம்மாவின் கணவருக்கு டை, அதாவது எக்ஸ்ரேயில் குழாயைக் காட்டுகிற மருந்து, உள்ளே போனதும் திரையில் வலது குழாய் பாதி வழியில் கத்தரித்த மாதிரி நின்றது. வயர் தாண்டியது, பலூன் விரிந்தது, கறுப்பு நூல் சட்டென்று கீழே இறங்கி ஓடியது. அதே நொடியில் நாடி 38க்கு விழுந்தது. இந்தக் குழாய் திறக்கும்போது அப்படி ஆவதுண்டு. "நல்லா இருமுங்க ஐயா" என்றார் மருத்துவர். சிஸ்டர் நாடியை ஏற்றுகிற அட்ரோபின் மருந்தைச் செலுத்தினார். 1958இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவரின் நோயாளிக்கு இதே வலது குழாய்க்குள் டை தவறிப் போய் இதயம் சில நொடி நின்றுவிட்டது. அவரும் இருமத்தான் சொன்னார், இதயம் திரும்ப ஓடியது. இதயக் குழாய்க்குள் டை விட்டுப் படமெடுக்கிற இன்றைய ஆஞ்சியோ அந்தத் தவறிலிருந்து வந்தது. மேசையில் யாராவது இருமும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

நாடி ஏறியது. குழாயைத் திறந்தே வைக்கிற வலைக்குழல், ஸ்டென்ட், வைத்து முடித்தோம். "வலி இறங்குதுங்க" என்றார் அவர்.

வெளியே வந்து அந்த அம்மாவுக்குக் குழாய் சமாசாரத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பத்து மணிக்கே வலின்னாரு. சோடா கொடுத்தேன், ஓமவாட்டர் கொடுத்தேன். அப்பவே வந்திருக்கணுமா?" என்றார். அவர்கள் ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2023இல் வந்த தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளை அங்கேயே வைத்திருக்கிறார்கள், போட்டுவிட்டு அனுப்பலாம்.

பொய் சொல்ல மனசு வரவில்லை. "ஆமாம்மா" என்றேன். அந்தச் சுகாதார நிலைய மாத்திரையைப் பற்றியும் சொன்னேன்.

படத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கூட்டிப்போய் முன்னது, பின்னது இரண்டையும் காட்டினேன். குழாய் நின்றுபோயிருந்த இடத்தில் விரலை வைத்து, "இங்கயா?" என்றார்.

"அங்கதாம்மா."