யாரு சார் சொன்னது?

கஞ்சா தேடி இரவில் ஒரு வீட்டில் போட்ட சோதனை முடிந்து கிளம்பும்போது அந்த வீட்டம்மா கேட்ட கேள்வி அது மட்டும்தான். "அதெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றேன். சட்டப்படி அது சரி. தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி எங்களை வற்புறுத்த முடியாது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 68-வது பிரிவே அப்படித்தான் சொல்கிறது.

வாரண்ட் இல்லாமல் போனதும் சட்டப்படிதான். 42-வது பிரிவின்படி பகலில், வந்த தகவலை எழுதி வைத்துவிட்டு நுழையலாம். இருட்டிவிட்டால், வாரண்ட் வாங்கி வருவதற்குள் சரக்கை மறைத்துவிடுவார்கள் அல்லது ஆள் தப்பிவிடுவான் என்று நம்புவதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் போக வேண்டும். எல்லாம் செய்தேன். விடியற்காலை பஸ்ஸில் கஞ்சா போய்விடும் என்பது தகவல். மாஜிஸ்திரேட்டைப் பார்த்துவிட்டு வர நேரம் ஏது?

ஆனால், "வாரண்ட் பெறுவதற்குள் சரக்கு அப்புறப்படுத்தப்பட்டுவிடும் என நம்புகிறேன்" என்ற அந்த வரி, எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதி எழுதிப் பழகிய வரி. பேனாவை எடுத்தால் கை தானாக எழுதும். அன்றைக்கு நிஜமாகவே நம்பினேனா? நம்பினேன். அந்த இன்ஃபார்மர் அதுவரை தப்பாகச் சொன்னதில்லை.

சாட்சிக்குக் கூப்பிட்டதும் பக்கத்து வீடுகளில் விளக்கு அணைந்தது. கடைசியில் வி.ஏ.ஓ.வும் தலையாரியும் வந்து நின்றார்கள். பெண் காவலர் அரிசி டிரம்மைப் பாயில் கவிழ்த்துக் கையால் துழாவினார். பீரோவில் இருந்த துணியெல்லாம் தரைக்கு வந்தது. பத்தாவது படிக்கும் பையன் புத்தகத்தை மடியில் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுங்க சார், தெருவுல காட்டணும்" என்றார் அந்தம்மா. சோதனைப் பட்டியலின் நகலை வீட்டாருக்குக் கொடுத்தே ஆக வேண்டும், கொடுத்தேன். 'எதுவும் கைப்பற்றப்படவில்லை' என்ற தாளை எத்தனை வீட்டில் காட்டியிருப்பார்?

காரணமே இல்லாமல் சோதனை போட்டால் அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது 58-வது பிரிவு. எனக்குக் காரணம் இருந்தது. காரணம் இருந்தும் ஒன்றும் கிடைக்காமல் போன வீட்டுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சோதனையை வீடியோ எடுக்கச் சொல்கிறது. நல்லதுதான், வீட்டாருக்கும் எங்களுக்கும். ஆனால் வாசலுக்கு வருவதற்கு முன் நான் எதை நம்பினேன் என்பதை அது எப்படிக் காட்டும்?

அப்புறம் அதே இன்ஃபார்மர் சொன்ன வேறொரு வீட்டில் சரக்கு பிடிபட்டது. அங்கேயும் இரவில்தான் போனேன், அதே வரியை எழுதிவிட்டு. இரண்டு தடவையும் எனக்கு இருந்த நம்பிக்கை ஒரே அளவுதான்.