சூடான சைலன்சரும் ஐந்து லீட்டர் கானும்

நான் பார்த்துக்கொள்கிற மைதானத்தில் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்லு வெட்டும் ட்ரக்டர் ஒன்று இருக்கிறது. கொழும்பில் மே மாத மழை தொடங்கினால் ஒரு வாரம் விட்டாலே போதும், பொடியன்கள் பந்தைத் தேடித்தான் விளையாட வேண்டும். அந்தக் காலத்தில்தான் அதை ஓட்டுகிற அண்ணருக்கும் எனக்கும் சண்டை வரும், அதுவும் பெற்றோல் எப்போது விடுவது என்பதில்.

போன வருடம் ஒரு மத்தியானம். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, இன்னும் அரை ஏக்கர் கிடக்கிறது, டாங்கி காலி. அண்ணர் எஞ்சினை நிறுத்தின கையோடு மூடியைத் திறந்து கானைக் கவிழ்த்தார். கொஞ்சம் வழிந்து சைலன்சரில் பட்டு "சுர்" என்று புகைந்தது. நல்ல காலம், பற்றவில்லை. "ஒண்டும் ஆகேல்லைத்தானே தம்பி" என்றார். எனக்குக் கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பெற்றோலில் பற்றுவது அதன் ஆவி. மறை 40 பாகை செல்சியஸ் குளிரிலேயே பற்றுகிற அளவுக்கு ஆவி விடுகிற சாமானை நாங்கள் 30 பாகை வெயிலில், சுட்ட இரும்புக்குப் பக்கத்தில் ஊற்றுகிறோம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். எங்கள் ஸ்டோருக்குள் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே தேத்தண்ணிக் கேத்தல் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது கேத்தல் வேறு அறையில், பெற்றோல் விடுவது வெளியே, திறந்த இடத்தில்.

நான் சொன்னது ஒன்றுதான்: காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது விடுங்கள். அண்ணர் பின்னேரமே நிரப்ப வேண்டும் என்பார், பாதி டாங்கியோடு இரவு விட்டால் உள்ளே ஈரம் படியும் என்று. அதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனால் வேலை முடிந்த சூட்டோடு நிரப்பி, ஆவி மணக்க மணக்க ஸ்டோருக்குள் தள்ளிப் பூட்டுவதைவிட இரண்டு சொட்டுத் தண்ணீர் பரவாயில்லை. வெட்டும்போது இடையில் பெற்றோல் முடிந்தால் கால் மணித்தியாலம் பொறுக்க வேண்டும். டாங்கியைக் கழுத்துவரை நிரப்பவும் கூடாது, சூட்டில் பெற்றோல் விரியும்.

பெற்றோல் ஷெட்டில் கானை நிரப்பும்போதும் ஓட்டோ சீட்டில் வைத்தபடி நிரப்பாமல் கீழே தரையில் வைத்து, பம்பின் மூக்கு கானின் வாயில் தொட்டபடி இருக்க நிரப்புங்கள். இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருந்தாலே நிலைமின்சாரம் பொறி தட்டப் போதும்.

காலையில் குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் விடுவதில் இன்னொரு வசதி, ஒயிலையும் அப்போதே பார்த்துவிடலாம். மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தி, அளவுகோலைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். திருகி இறுக்கி அளப்பதா, சும்மா வைத்து அளப்பதா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், புத்தகத்தைப் பாருங்கள். நான் ஒருமுறை மாறி அளந்து ஒயிலைக் கூட்டி ஊற்றி, மைதானம் முழுக்க வெள்ளைப் புகை. அப்புறம் எயார் பில்டர், டயர் காற்று, இரண்டு நிமிடம். சீட்டிலிருந்து எழும்பினால் எஞ்சின் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படி நிறுத்துகிற சுவிட்ச் தொல்லை தருகிறது என்று எங்கள் இயந்திரத்தில் யாரோ கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், நான் வந்துதான் கழற்றினேன்.

பின்னேரம் செய்யவேண்டியது சுத்தம். கொழும்புப் புல்லு ஈரப் புல்லு, பிளேட் சுற்றுகிற மூடிக்குள் சாணிபோல அப்பிக்கொள்ளும், காய்ந்தால் சுரண்டி எடுக்க ஒரு ஆள் வேண்டும், அந்தப் பாரத்தோடு ஓடினால் வெட்டும் ஒழுங்காக விழாது, தகரமும் துருப்பிடிக்கும். சைலன்சரைச் சுற்றிச் சேர்கிற காய்ந்த புல்லு அதைவிட மோசம், அதுவே விறகு. சூடு ஆறினபிறகு தூரிகையால் தட்டுங்கள். தண்ணீர்க் குழாயை எஞ்சின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் நம்பர் பிளேட் இல்லாத இந்த இயந்திரத்துக்குப் பெற்றோல் எடுக்கப் பட்ட பாடு தனிக்கதை. பயத்தில் இரண்டு கான் சேர்த்து வைத்து, மாதக்கணக்கில் கிடந்த அதை ஊற்றியதும் ஸ்டார்ட் ஆகவில்லை. கார்பரேட்டரைக் கழற்றினால் உள்ளே பிசின். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் அலைந்து சாமான் வாங்கினோம். அதிலிருந்து ஒரு மாதத்துக்குத் தேவையானதுக்கு மேல் வாங்குவதில்லை, கானில் திகதி எழுதி ஒட்டுகிறோம்.

அண்ணர் இப்போது காலையில்தான் விடுகிறார், முணுமுணுத்தபடி. நாளைக்குப் பிளேட்டைக் கழற்றித் தீட்ட வேண்டும், அதற்கு முதல் பிளக் வயரைக் கழற்றச் சொல்லி இன்றிரவே அவருக்குப் போன் எடுக்க வேண்டும்.