ஒரே பீடத்தில் இருவர்

அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அப்பாவுக்கு 36. "பொண்ணுக்காகவாவது இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோ" என்று சொல்லாத உறவினர் இல்லை. அவர் மறுத்துவிட்டார். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் அவரைக் கும்பகோணம் ராமசுவாமி கோயிலுக்கு அழைத்துப் போனேன். ரகுநாத நாயக்கர் காலத்துக் கோயில். மண்டபத் தூண்களில் அத்தனை சிற்பங்கள்! அப்பா எதிலும் நிற்காமல் நேரே சன்னதிக்குப் போய்விட்டார்.

பட்டாபிஷேகக் கோலம். பரதன் குடை பிடிக்க, சத்ருக்னன் சாமரம் வீச, அனுமன் வீணையோடு இருக்க, ராமரும் சீதையும் ஒரே பீடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். தீபாராதனையில் அந்த இரண்டு முகங்களும் சேர்ந்து ஒளிர்ந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்புறம் பிராகாரச் சுவரின் ராமாயண ஓவியங்களைப் பார்த்தபடி நடந்தோம். அப்பா மெல்லச் சொன்னார்: "இந்த இப்பிறவிக்கு இரு மாதரைச் சிந்தையாலும் தொடேன்."

கம்பரின் வரி. கைப்பிடித்த அன்று ராமன் தந்த இந்த வாக்கைத்தான், அசோகவனத்தில் சீதை அனுமனிடம் சொல்லி, ராமன் காதில் போடச் சொல்கிறாள். 'செவ்வரம்' என்கிறாள். பல மனைவியரோடு வாழ்ந்த தசரதனின் மகன் தந்த வரம் அது! கற்பு என்றாலே பெண்ணுக்குத்தான் சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே கட்டுப்படுகிறவன் கணவன், அதுவும் மனத்தளவிலும்.

மனைவி சகதர்மிணி, அவள் பக்கத்தில் இல்லாமல் யாகம் கூடாது. அதனால் அசுவமேதத்தின்போது ராமன் பொன்னால் சீதையின் உருவம் செய்து வைத்துக்கொண்டான் என்று உத்தர காண்டம் சொல்கிறது. வேறொருத்தியை மணக்கவில்லை. ஆனால் அந்தப் பொற்சீதையை நினைத்தால் எனக்கு ஆறாது. உயிரோடு இருந்தவளைக் காட்டுக்கு அனுப்பிவிட்டல்லவா அந்தப் பொம்மை?

அப்பாவிடம் கேட்டேவிட்டேன். அவர் ராமனுக்காக வாதாடவில்லை.

"அனுப்பினது தப்புதாம்மா. எனக்கும் அது வலிக்கும். ஆனா அவ உட்கார்ந்த இடத்துல இன்னொருத்தரை உட்கார வைக்க அவரால முடியலையே. அது மட்டும் எனக்கு நல்லாப் புரியும்."

27 வருஷமாக நான் கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொடிமரம் வரை வந்ததும் நின்றார்.

"நீ இங்கயே இரும்மா. நான் இன்னொரு தரம் சேவிச்சுட்டு வந்துடறேன்."

தனியாக உள்ளே போனார்.