முகத்தில் வடு உள்ள பெருமாள்

பீஷ்மர் விட்ட அம்பின் காயத்தை வேளச்சேரியில் ஒரு ஃபிரேம் கடைக்காரர் ஒரே சாயங்காலத்தில் ஆற்றிவிட்டார். கேலிக்குச் சொல்லவில்லை, நடந்ததே இதுதான்.

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி பெருமாள் படம் ஒன்று இருந்தது. வரைந்த படம் இல்லை, உற்சவரை அலங்காரத்தோடு எடுத்த கறுப்பு வெள்ளை போட்டோ. பாட்டி கல்யாணமாகி திருவல்லிக்கேணி ஒண்டுக் குடித்தனத்துக்கு வந்த புதிதில் வாங்கியது. சனிக்கிழமை தவறாமல் கண்ணாடியைத் துடைத்து, சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பாள். பாட்டிக்கு அப்புறம் அம்மா. என்றைக்கோ கண்ணாடி ஓரத்தில் விரிசல் விட்டு, அந்த வழியாக ஈரம் இறங்கி, குங்குமக் கறை பெருமாளின் கன்னம் வரைக்கும் வந்துவிட்டது. போன மாதம் அலமாரியைத் துடைக்கும்போது என் கை பட்டுப் படம் கீழே விழுந்தது, கண்ணாடி சுக்கல் சுக்கல். புதுக் கண்ணாடி போடக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனுஷர்தான். "ரொம்பக் கறையா இருக்கேக்கா, ஸ்கேன் பண்ணி சுத்தம் பண்ணித் தரேன்" என்றார், நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் வாங்கி வந்தால், கறை போயிருந்தது. கூடவே பெருமாள் முகத்தில் இருந்த வடுக்களும் போயிருந்தன. கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று ஒரு முகம். பழைய தாள் எங்கே என்று கேட்டதற்கு, "அது நைஞ்சு போச்சேக்கா, குப்பையில போட்டுட்டேன்" என்றார். எனக்கு நாமம் போட்டுவிட்டு பெருமாளின் முகத்தைத் துடைத்து அனுப்பிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சனிக்கிழமை திருவல்லிக்கேணிக்குப் போய்ட்டு வரலாம், குழந்தையையும் கூட்டிண்டு வா" என்றாள்.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. குருக்ஷேத்திரத்தில் ஆயுதம் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணன் அர்ஜுனனுக்குத் தேரோட்டியாக உட்கார்ந்தான். தேரோட்டி முன்னால் இருப்பவன், அர்ஜுனனுக்கு வருகிற அம்பு முதலில் அவன்மேல்தான் படும். பீஷ்மரின் அம்புகள் அப்படி முகத்தில் பட்ட வடுக்கள்தான் திருவல்லிக்கேணி உற்சவரின் திருமுகத்தில் இருப்பவை என்பது ஐதீகம். வடு இல்லாத பார்த்தசாரதி எப்படிப் பார்த்தசாரதி ஆவார்? அது வேறு யாரோ ஒரு அழகான பெருமாள். அம்மாவின் கோபம் அதுதான்.

பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். ஐந்தாம் வகுப்பு படிக்கிற என் பெண், கையில் ஒரு வரைபட நோட்டு இல்லாமல் எங்கேயும் வருவதில்லை. வழியில் ஒரு காம்பவுண்டுச் சுவரில் இடுப்புயரத்துக்கு வரிசையாக டைல்ஸ் பதித்திருந்தார்கள்: பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, பிறைநிலா, திருப்பதி வெங்கடாசலபதி, மறுபடி பிள்ளையார். "இங்க எதுக்குப்பாட்டி சாமி?" என்று கேட்டாள். "யாரும் அசிங்கம் பண்ணக் கூடாதுன்னுதான்" என்றாள் அம்மா. "இங்கு சிறுநீர் கழிக்காதீர், மீறினால் அபராதம்" என்ற எழுத்துக்கு இந்த ஊரில் எவன் பயந்தான்? அதே ஆள் நாலு அங்குலப் பிள்ளையாரைப் பார்த்ததும் பத்தடி தள்ளிப் போகிறான். கடவுளை இந்த வேலைக்கு வைக்கலாமா என்று எனக்கு முன்பெல்லாம் எரிச்சலாக வரும், இப்போது ஆச்சரியம்தான் வருகிறது.

குளத்தைத் தாண்டிக் கோபுரத்துக்குள் போனோம். புரட்டாசி இல்லை என்றாலும் சனிக்கிழமைக் கூட்டம். வரிசையில் நிற்கும்போது அம்மா வாய்க்குள் பாசுரம் சொல்லிக்கொண்டே வந்தாள். திருமங்கையாழ்வார் இந்தப் பெருமாளை "கோல் கையில் கொண்டு பார்த்தன்தன் தேர்முன் நின்றானை" என்று பாடியிருக்கிறார். அந்த வரியில் சங்கு இல்லை, சக்கரம் இல்லை, கையில் குதிரை ஓட்டுகிற கோல் ஒன்றுதான். பல்லவர் காலத்து ஆள், போட்டோவும் இல்லை, காலண்டரும் இல்லை, அந்த ஒரு கோலை வைத்தே ஆளை நம் கண்முன்னால் நிறுத்திவிட்டார்.

உள்ளே மூலவர் வேங்கடகிருஷ்ணன். ஒன்பதடி உயரம், பெரிய மீசை, ஒரு கையில் சங்கு மட்டும். சக்கரம் கிடையாது, அதுதான் ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்றே. பக்கத்தில் ருக்மிணி, அண்ணன் பலராமன், தம்பி சாத்யகி, பிள்ளை பிரத்யும்னன், பேரன் அநிருத்தன் என்று குடும்பமே நிற்கிறது. கண்ணன் என்றால் குழலும் மயிலிறகும் என்று பழகிய கண்ணுக்கு இது வேறு ஆள். பேரன் எடுத்த கண்ணன்! என் பெண் மீசையைத்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, பாரதியார் மாதிரி" என்றாள். சிரித்தாலும், அவள் சொன்னது யோசிக்க வைத்தது. பாரதியார் கடைசி நாட்களில் இருந்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீடு கூப்பிடு தூரம்தான், கோயில் யானை அவரைத் தள்ளியதும் இதே கோயிலில்தான், 1921-இல். அவருடைய நிஜமான போட்டோக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனாலும் ஒரு முண்டாசும் ஒரு மீசையும் போட்டால் தமிழ்நாட்டில் எந்தக் குழந்தையும் பாரதி என்று சொல்லிவிடும். கண்கூட வரைய வேண்டாம்.

அப்புறம்தான் உற்சவர். கூட்டம் தள்ளுகிறது, "நகருங்கோ நகருங்கோ" என்கிறார்கள், அம்மா தூணைப் பிடித்த மாதிரி நின்றுவிட்டாள். "சாமி, குழந்தைக்குத் திருமுகம் கொஞ்சம் காமிங்கோ" என்றாள். பட்டாச்சாரியாருக்கு என்ன தோன்றியதோ, தீபத்தைத் திருமுகத்துக்குப் பக்கத்தில் ஏந்திக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினார். கறுத்த முகம், அதில் சின்னச் சின்னக் குழிகள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும்போது ஒவ்வொரு குழியிலும் ஒரு துளி நிழல் உட்காருகிறது, தீபம் நகர்ந்தால் நிழலும் நகர்கிறது. அந்த நகர்வில் முகம் ஒரு கணம் வலிக்கிற மாதிரியும் அடுத்த கணம் சிரிக்கிற மாதிரியும் இருந்தது. நாற்பது வருஷமாக இந்தக் கோயிலுக்கு வருகிறேன். கிரீடத்தையும் மாலையையும் பார்த்திருக்கிறேன், முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் இது தெரியாது, போட்டோவிலும் பாதிதான் தெரியும்.

தீர்த்தம், துளசி, சடாரி. வெளியே வந்து நரசிம்மரைச் சேவித்தோம், அவர் மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தனி வாசல், தனிக் கொடிமரம். சர்க்கரைப் பொங்கல் வாங்கினோம். தொன்னையில் நெய் மிதந்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இப்போது வேண்டாம்.

மாடவீதியில் அம்மா படம் தேட ஆரம்பித்தாள். நாலு கடை ஏறி இறங்கினோம். எல்லாம் கலர், எல்லாம் லேமினேஷன், சிலவற்றில் சுற்றிலும் பல்பு எரிகிறது. ஒரு கடையில் வயதானவர் ஒருவர், "வடு தெரியற படமாம்மா? எல்லாரும் பளிச்சுனுதான் கேக்கறாங்க, அதனால அப்படியே வருது" என்றார். நியாயம்தான். நம் வீடுகளில் தொங்குகிற சாமிகளுக்கு இந்தப் பளிச் முகம் வந்ததே அச்சுக்கூடத்திலிருந்துதான். ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சடித்து விற்ற பிறகு, கோயிலுக்குள் போக விடாமல் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள்கூட காசு கொடுத்துச் சாமியை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. அதற்கப்புறம் கொண்டையராஜு. 1898-இல் நம்ம மயிலாப்பூரில் பிறந்து, நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைந்து, கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அவரும் அவருடைய சிஷ்யர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான முருகனைத்தான் நாம் முருகன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டுப் பாருங்கள், வருவது கருவறைக் கல் முகமா, காலண்டர் முகமா? எனக்குக் காலண்டர்தான் வருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை முகத்தை வைத்துத்தான் நான் சாமி கும்பிடவே கற்றுக்கொண்டேன்.

படம் கிடைக்காமல் திரும்பும்போது ஒரு அரச மரத்தடி. அடியில் பழைய சாமி படங்கள் சாத்தி வைத்திருந்தன. கண்ணாடி உடைந்தது, கரையான் அரித்தது, பாதி லட்சுமி, கால் மட்டும் மிஞ்சிய நடராஜர். குப்பையில் போட யாருக்கும் மனசு வராது, வீட்டிலும் வைக்கக் கூடாது என்பார்கள், அதனால் மரத்தடி. பிள்ளையார் படம் போட்ட கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டில் ஒரு டிராயர் நிறைய இருக்கிறது, அதே காரணம்தான். அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஒருவேளை அந்தக் கடைக்காரன் இந்த மாதிரி எங்கயாவது வெச்சிருப்பான்" என்றாள். வேளச்சேரிக் குப்பை திருவல்லிக்கேணி மரத்தடிக்கு எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை.

அம்மாவுக்குப் பழக்கமான தையல்காரர் பெரிய மசூதிப் பக்கம் இருக்கிறார் என்று ஆட்டோவில் அங்கே போனோம். 1795-இல் ஆற்காட்டு நவாப் குடும்பம் கட்டிய வாலாஜா பள்ளிவாசல், முழுக்கக் கருங்கல். "இங்க சாமி படமே இருக்காதா?" என்று என் பெண் கேட்டாள். இருக்காது, எழுத்துதான் இருக்கும் என்றேன். உள்ளே கல்லில் செதுக்கியிருக்கிற பாரசீக வரிகளை எழுதியவர் மக்கன் லால் என்ற இந்து, நவாபிடம் முன்ஷியாக இருந்தவர். இதைச் சொன்னதும் அம்மா, "எழுத்துல எங்க குங்குமம் வெப்பா, சுத்தமா இருக்கும்" என்றாள். படத்தை இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பளபளப்பு முகப் படத்தையே அலமாரியில் மாட்டினோம். என்ன இருந்தாலும் பெருமாள், வெளியே வைக்க மனசு வரவில்லை. அம்மா சந்தனம் வைக்கவில்லை, விளக்கு மட்டும் ஏற்றினாள். என் பெண் கீழே உட்கார்ந்து அதைப் பார்த்து நோட்டில் வரைந்தாள். கிரீடம், நாமம் (பாதம் வைத்த தென்கலை நாமம்தான், அதை மட்டும் அம்மா பக்கத்தில் இருந்து சரிபார்த்தாள்), பெரிய கண், மாலை. முகத்துக்கு வந்ததும் பென்சிலை நிறுத்திவிட்டாள்.

"பாட்டி, எத்தனை புள்ளி?"

அம்மா கன்னத்தில் இத்தனை, மூக்குப் பக்கத்தில் இத்தனை என்று விரலால் தன் முகத்திலேயே தொட்டுக் காட்டினாள். இல்லை, நெற்றியிலும் இருந்தது என்றேன் நான். நாமத்துக்குப் பக்கத்தில் உனக்கு எப்படித் தெரிந்தது என்றாள். அரைமணி நேரம் இதே சண்டை. கடைசியில் அந்தப் பக்கத்தை அப்படியே வைத்து நோட்டை மூடிவிட்டு, அடுத்த சனிக்கிழமை போய் எண்ணிக்கொண்டு வரலாம் என்று என் பெண்தான் முடிவு சொன்னாள். இந்தத் தடவை முதல் ரயிலுக்கே போகணுமாம், கூட்டம் இருக்காதாம்.