வெள்ளையை விட்டுவைப்பது: நீர்வண்ண நாட்குறிப்பு

மார்ச் 4

நீர்வண்ணத்தில் தாளின் வெள்ளைதான் வெளிச்சம். எந்த இடத்தை வெள்ளையாக விட வேண்டும் என்பதை பிரஷை நனைப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கட்டாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. இன்று மாஸ்கிங் ஃப்ளூயிடை எடுத்தேன்: வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் பூசி, வண்ணம் காய்ந்தபின் உரித்தெடுக்கும் ரப்பர் பால் திரவம். பாட்டிலைக் குலுக்கவில்லை. குலுக்கினால் குமிழ் வரும், காய்ந்ததும் குமிழ் இருந்த இடம் ஓட்டையாகி வண்ணம் உள்ளே புகும். ரப்பர் பால் பிரஷின் மயிரில் உறைந்தால் பிரஷ் போச்சு, அதனால் பழைய பிரஷையே சோப்பில் தோய்த்துவிட்டுத்தான் தொட்டேன்.

மார்ச் 5

குளக்கரை நாணல். மெல்லிய தண்டுகளுக்கு பிரஷைவிட ரூலிங் பேனா (இரு உலோக இதழ்களுக்கு நடுவே திரவத்தை ஏந்திக் கோடு போடும் பேனா) எவ்வளவோ மேல், கோடு ஒரே சீராக வருகிறது. மேலே அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு. ஹேர் டிரையரைத் தொடவே இல்லை. சூடு பட்டால் ரப்பர் தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தாளின் மேல்தோலையும் கிழித்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் விரல் நுனியால் ஓரத்தைத் தேய்த்தேன். நீலம் படிந்த ரப்பர் சுருண்டு சுருண்டு வர, அடியில் பளிச்சென்று வெள்ளைத் தண்டு.

பளிச் கொஞ்சம் அதிகம்தான். கத்தரித்து ஒட்டியதுபோல் நிற்கிறது.

மார்ச் 8

அதற்கு வழி, வெள்ளைத் தாளில் நேரடியாக ஃப்ளூயிட் போடாமல் முதலில் வெளிர் மஞ்சள் வாஷ் கொடுத்து, அது முழுக்கக் காய்ந்தபின் போடுவது. இப்போது உரித்தால் வெயில் பட்ட நாணல் நிறமே கிடைக்கிறது. தூரத்துத் தண்டுகளின் ஓரத்தை ஈரமான, கொஞ்சம் விறைப்பான பிரஷால் தேய்த்துக் கரைத்தேன். அல்ட்ராமரைன் இதற்கு இணங்கும். தாலோ நீலம் தாளில் கறையாக ஏறிவிடும், லேசில் கிளம்பாது.

மார்ச் 9

வெள்ளையை மறைக்க மாஸ்கிங் டேப், உரித்தெடுக்கக்கூடிய காகித ஒட்டு நாடா. நேர்கோட்டுக்குச் சரி. சொரசொரப்பான தாளில் ஓரத்தை நகத்தால் அழுத்தாவிட்டால் அடியில் கசியும்.

மார்ச் 12

வெள்ளை மெழுகுவர்த்தி! மெழுகு தேய்த்த இடத்தில் நீர்வண்ணம் ஒட்டாது. பிரிட்டிஷ் சிற்பி ஹென்றி மூர் 1940-41இல் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் தஞ்சம் புகுந்த மக்களை வரைந்தபோது மெழுகு கிரேயான் மேல் நீர்வண்ணம் ஓட்டியிருக்கிறார். சொரசொரப்பான தாளில் மெழுகு மேடுகளில் மட்டும் பிடிக்கிறது, பள்ளங்களில் வண்ணம் தேங்குகிறது. தண்ணீரின் மினுக்கத்துக்கு இதற்கு இணை இல்லை. வெள்ளைமேல் வெள்ளை கண்ணுக்குத் தெரியாது. தாளைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே தேய்த்தேன். இட்ட மெழுகை எடுக்கவும் முடியாது.

அடுத்த படத்தில் அலைக்கு மெழுகு, நாணலுக்கு ஃப்ளூயிட். ஃப்ளூயிடைத்தான் முதலில் போட வேண்டும், மெழுகின் மேல் அது சரியாக ஒட்டாது.