குவாட் 33-இன் வாசலில் 2 வோல்ட்

இரவில் பக்கத்து அறையில் உறங்குபவரை எழுப்பாத ஒலியளவிலும் பிரிட்டிஷ் நிறுவனமான குவாட்டின் 33 ப்ரீஆம்ப், 303 பவர் ஆம்ப் இணையின் இரண்டு சேனல்களும் இப்போது சமமாக ஒலிக்கின்றன. 1967இல் வெளிவந்த இந்த இணையைப் பற்றிப் பேசுபவர்கள் 303 பவர் ஆம்பின் 45 வாட்டையே பேசுகிறார்கள். படுக்கையறைக்கு அதில் கால்பங்குகூடத் தேவையில்லை. தொல்லையெல்லாம், சிக்னலை வாங்கி ஒலியளவைச் சரிசெய்து 303-க்கு அனுப்பும் 33 ப்ரீஆம்பின் வாசலில்தான். அதன் ரேடியோ உள்ளீடு 100 மில்லிவோல்ட்டுக்கென வடிவமைக்கப்பட்டது; சிடி பிளேயரோ முழு அளவில் 2 வோல்ட் தருகிறது. இருபது மடங்கு சிக்னல் நுழைவதால், வால்யூம் குமிழை மயிரிழை நகர்த்தினாலே அறை அதிர்கிறது. குமிழுக்குப் பின்னிருக்கும் பழைய பொட்டென்ஷியோமீட்டரில், சேனலுக்கு ஒன்றாக உள்ள இரு தடங்களும் ஒத்துப்போகாத பகுதியும் அந்தத் தொடக்கப் பகுதியே. பாடகர் இடது ஸ்பீக்கருக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். பேலன்ஸ் குமிழைத் திருப்பினாலோ, அந்த ஒரு ஒலியளவுக்கு மட்டுமே அது சரியாக இருக்கும்.

சிக்னலை வாசலுக்கு முன்பே குறைக்க, சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) போதும்: சிக்னல் வழியில் 18 கிலோ ஓம், அதன் முனையிலிருந்து தரைக்கு 1 கிலோ ஓம். சிக்னல் 19இல் ஒரு பங்காகிறது. டெசிபலில் ஏறத்தாழ 25.6 குறைவு. குமிழ் இப்போது நடுப்பகுதியில், தடங்கள் ஒத்துப்போகும் இடத்தில் நிற்கிறது. ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களில் மீட்டரில் ஒத்துவரும் சோடிகளைப் பொறுக்கினேன். பொட்டென்ஷியோமீட்டரின் பிழையோடு ஒப்பிட்டால் அது தேவையற்ற கண்டிப்புதான், ஆனாலும் கை கேட்கவில்லை.

கணக்கைவிட, அந்த நான்கையும் 33-இல் செருகும் வட்டமான ஐந்து முள் டின் (DIN) பிளக்கின் உடலுக்குள் அடக்குவதே உண்மையான வேலை. முள்களைத் தாங்கும் பிளாஸ்டிக், சால்டரிங் அயர்ன் சற்று நேரம் கூடுதலாகப் பட்டாலும் இளகி முள்ளைச் சாய்த்துவிடும். சாய்ந்த முள் பிறகு சாக்கெட்டின் துளையில் இறங்காது. ஆகவே பிளக்கை ஓர் உதிரி சாக்கெட்டில் செருகிவைத்தே பற்றவைக்க வேண்டும். சாக்கெட் முள்களை நேராகப் பிடித்துக்கொள்வதோடு வெப்பத்தையும் வாங்கிக்கொள்ளும். முள்ளின் குழிவில் முதலில் ஈயத்தை நிரப்பி, ரெசிஸ்டரின் காலிலும் ஈயம் பூசிவிட்டால், இரண்டும் சேர ஒரு நொடி போதும். இரு சேனல்களின் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களையும் நடுமுள்ளான தரையில் சந்திக்கவைத்து, ஒவ்வொரு காலுக்கும் ஸ்லீவ் மாட்டிய பிறகே உலோக மூடியைத் தள்ள வேண்டும்; ஸ்லீவ் இல்லாத கால் மூடியில் பட்டால் அந்தச் சேனல் ஊமையாகிவிடும்.

டின் பிளக் தேடி, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைவது தனிக் கதை. ஐந்து முள் என்று கேட்டதும் கடைக்காரர் ஒருவர் எடுத்துத் தந்தது 240 டிகிரி வகை. குவாட்டுக்கு வேண்டியது முள்கள் அரைவட்டமாக நிற்கும் 180 டிகிரி வகை. எல்லாம் ஒன்றுதான் என்று அவர் சாதித்ததைக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. கீபோர்டுகளை மற்றக் கருவிகளோடு இணைக்கும் மிடி (MIDI) கேபிளிலும் இதே 180 டிகிரி பிளக்தான் என்பதால், இசைக்கருவிக் கடைகளில் இது எளிதாகக் கிடைக்கிறது.

அடுத்து 303. அதன் மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரை 67 வோல்ட்டில் நிறுத்தி, அவுட்புட்டின் நடுப்புள்ளி அதில் பாதியில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பீக்கருக்கு முன்னுள்ள 2000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருக்குப் பதில் ஐந்து மடங்கு பெரியதைப் போடுபவர்களின் ஆர்வம் எனக்குப் புரிவதில்லை. 8 ஓம் சுமையோடு அந்த 2000 மைக்ரோஃபாரடே 10 ஹெர்ட்ஸ் அருகில்தான் கீழ்ச்சுருதியைக் குறைக்கத் தொடங்கும். படுக்கையறையின் சிறு பெட்டிகள் அதற்கு வெகு முன்பே கைவிட்டுவிடும். டிரான்சிஸ்டர் பழுதானாலும் நேர்மின்னோட்டம் ஸ்பீக்கரை எட்டாமல் அந்தக் கெபாசிட்டர் தடுப்பதே எனக்குப் பெரிது.

ஸ்பீக்கரில், 1970களில் பிபிசி தன் ஒளிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ மீது கண் இருக்கிறது. இன்றைய விலையில் கண் மட்டுமே வைக்க முடியும். அதைப்போல மூடிய பெட்டி கொண்ட, 83 டெசிபல் அளவு உணர்திறனுள்ள (ஒரே சிக்னலுக்குக் குறைவாக ஒலிக்கும்) ஏதேனும் ஒன்றைத் தேடுகிறேன். மூடிய பெட்டியைச் சுவரோரம் வைக்கலாம். குறைந்த உணர்திறன், தலைமாட்டில் கேட்கும் 33-இன் மெல்லிய இரைச்சலையும் அமுக்கிவிடும். அதற்குமுன், ட்யூனருக்கான இரண்டாவது கேபிளை முடிக்க வேண்டும். அதன் பிளக் இன்னும் உதிரி சாக்கெட்டில் செருகியபடியே மேசைமேல் கிடக்கிறது.